முழங்கால் ஆழத்தில் ஒரு செப்பிலி

1. வெயில் நன்றாக ஏறிய பிறகு வள்ளத்தை நிறுத்தினோம். அடியில் மணல் தெரிந்தது. இறங்கி நின்றால் முழங்கால் ஆழம்.
2. மீனை முதலில் பார்த்தது அவர்.
3. நான் வீசினேன். பூச்சி விழவேண்டிய இடத்தில் விழுந்தது.
4. மீன் திரும்பியது. பூச்சிக்குப் பின்னாலேயே வந்தது.
5. அவர் ஒரே வார்த்தையை இரண்டு முறை சொன்னார்.
6. நான் அந்த வார்த்தைப்படி செய்தேன்.
7. மீன் போய்விட்டது.
8. சாயங்காலம் கரைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து, அவள் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட நேரமில்லை. ஆனால் எட்டு அங்கிருந்துதான் வந்தது.

அம்மாவின் கேள்வி சிக்கலானது அல்ல. மத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பொங்கலுக்குப் போயிருந்தபோது, ஓசூரில் என்னோடு வேலை செய்யும் ஒருவரைக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன் என்று சொன்னேன். அம்மா கத்தவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ஆளு எப்படி?" என்றாள்.

எங்கள் பட்டறையில் டிசைன் வேலை பார்க்கிறார், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர், ராகியும் தக்காளியும் போடுகிற குடும்பம், வீட்டில் கன்னடம் பேசுவார்கள், குடிப்பழக்கம் இல்லை, பொறுமைசாலி என்று வரிசையாகச் சொன்னேன்.

"நான் பயோடேட்டா கேக்கல. ஆளு எப்படின்னு கேட்டேன்."

"நல்லவரும்மா."

"ஒரு தடவையாச்சும் உங்கிட்ட கோபப்பட்டிருக்கானா?"

"இல்லை."

"நீ?"

"நானும் இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் பழகவே இல்லை. பேங்க் ஜன்னல்ல டோக்கன் வாங்கற மாதிரி நின்னுக்கிட்டு இருக்கீங்க."

தருமபுரியிலிருந்து ஒரு வரன் ஏற்கெனவே பேச்சில் இருந்தது. அவர்கள் வருகிறோம் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாசி முடிவதற்குள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லச் சொன்னாள் அம்மா. அவன்தான் என்றால் அவன்தான். இல்லையென்றால் தருமபுரிக்காரர்களை வரச் சொல்லிவிடுவாள்.

ஓசூருக்குத் திரும்பும் பேருந்தில், வழக்கம்போல மனசுக்குள் இரண்டு பத்தி போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கெட்டது. கெட்டது பக்கம் காலியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. எந்த உதிரிப் பாகத்தை அளந்தாலும் கொஞ்சமாவது விலகல் இருக்கும். விலகலே இல்லை என்று கருவி சொன்னால், கருவி பாகத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

இரண்டு வருடமாக அவர் என்னை "நீங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நான் கேட்டபோதுகூட, "உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரிங்க" என்றார். அந்த "ங்க" என்னோடு விடுதி அறைவரை வந்தது. மரியாதையா, தூரமா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

*

எங்களுடையது சிறிய பட்டறை. ஓசூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு வாகனப் பாகங்கள் செய்வோம். அதோடு கூட, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக மீன்பிடி ரீல்களும் செய்கிறோம். நூல் சுற்றிக்கொள்ளும் அலுமினியச் சக்கரம் அது. உள்ளங்கையில் வைத்துத் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றும். நான் தரச் சோதனை. என் வேலை அந்தச் சத்தமில்லாமையைச் சரிபார்ப்பது.

இந்த ரீல் எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாமலே இருந்தது. பிறகு ஒருநாள் வாடிக்கையாளர் ஒரு வீடியோ அனுப்பினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளவு அறையில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த அறை எப்போதும் ஒரே குளிரில் இருக்கும். வெளியே இயந்திரங்கள் கத்திக்கொண்டிருந்தாலும் உள்ளே கேட்காது. வீடியோவிலும் சத்தம் இல்லை.

ஏதோ ஒரு தேசத்துக் கடலோரம். முழங்கால் ஆழத்தில் உப்புத் தண்ணீர், கண்ணாடி போல. அதில் ஒருவன் அசையாமல் நிற்கிறான். தூரத்தில் தண்ணீருக்கு மேலே செம்பு நிறத்தில் ஒரு வால் எழுகிறது, மடங்குகிறது, மறுபடி எழுகிறது. மீன் தலைகீழாக நின்று மணலில் நண்டு தேடி மேய்கிறது. அவன் கையில் நீண்ட மெல்லிய கோல். நூல் அவன் தலைக்கு மேல் முன்னும் பின்னும் நீந்துகிறது. பிறகு நூல் நீண்டு படுக்கிறது, ஒரு கொசு உட்கார்வதுபோல.

அவ்வளவுதான் வீடியோ. மீன் மாட்டியதா என்று காட்டவில்லை. நான் மறுபடி போடச் சொன்னேன். அவரும் மறுபடி போடுங்கள் என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதற்குப் பிறகு பல நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறையில் அந்த வால் எழுந்து எழுந்து மடங்கியது. இயந்திர எண்ணெய் வாசனையோடு போய், குளிரில் உட்கார்ந்து, யாரோ பார்த்த கடலை நாங்கள் பார்த்தோம். பேசிக்கொண்டது கொஞ்சம். இப்போது யோசித்தால், எங்களுக்குள் எல்லாம் ஆரம்பித்தது அங்கேதான் என்று தோன்றுகிறது.

சோதித்துப் பார்க்க வாடிக்கையாளர் கோலும் நூலும் ஒரு செட் அனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு பழக ஆரம்பித்தோம். இந்த முறையில் ஈயக் குண்டு கிடையாது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி இறால் போலவோ நண்டு போலவோ செய்கிறார்கள். அதற்குப் பூச்சி என்று பெயர் வைத்தோம். பூச்சிக்கு எடையே இல்லை. தடித்த நூலின் எடைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்னால் வீசுவதற்கு முன் நூலைப் பின்னால் எறிந்து, அது முழுதாக நீளும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நூல் தோளில் விழும். எங்கள் வீட்டுச் சேவலின் கழுத்து இறகையும், கிழிந்த பட்டுப்புடவையின் சரிகையையும் வைத்து நானே சில பூச்சிகள் கட்டினேன். சரிகை தண்ணீரில் நன்றாக மின்னியது.

பெயரில்தான் குழப்பம் வந்தது. அந்தக் கோலை ராட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பட்டறையில் ராட் என்றால் லாரியில் வந்து இறங்கும் அலுமினியக் கம்பி. "ராட் எங்க?" என்று நான் கேட்பேன். ஸ்டோர்ஸ் பார்க்கும் அக்கா, "எத்தனை எம்.எம்.?" என்பார்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு அக்காவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"என்னத்துக்குக் குழப்பம்? பாக்கறதுக்குக் கெழவன் கைத்தடி மாதிரிதான இருக்கு. தடின்னு சொல்லுங்க, போதும்."

அன்றிலிருந்து அது தடி.

அக்கா ராயக்கோட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். ஒரே வாக்கியத்துக்குள் மூன்றிலும் ஏறி இறங்குவார்கள். என்னால் அது முடியாது. நான் ஓசூருக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் காய்கறிக் கடைக் கன்னடம்கூட வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். அவரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ் படித்தவர், என்னைவிடச் சுத்தமாகப் பேசுவார். அவர் கன்னடம் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராயக்கோட்டை ரோட்டுக்கு உள்ளே தள்ளி, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்குப் போவோம். அக்காவும் வருவார்கள், தக்காளி சாதத்தோடு. பாறையைப் பெரிய பெரிய படிகளாக அறுத்து எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கீழ்ப்படிகளில் மழைத்தண்ணீர் நிறைந்து நின்றது. அழுக்கில்லை, அசைவில்லை. தண்ணீருக்குள் அடுத்த படி தெரியும், அதற்கடுத்த படி பச்சையாகத் தெரியும், அதற்குக் கீழே வெறும் இருட்டு. முதல் படியில் ஜிலேபி மீன்கள் வெயில் காயும். அவை எங்கள் பூச்சியை ஒருநாளும் மதித்ததில்லை.

பளபளப்பைத் தணிக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் அந்த செட்டில் இருந்தது. அதைப் போட்டதும் தண்ணீர் இல்லாமல் போய்விடும். மீன்கள் காற்றில் தொங்கும். என் நிழல் கல்லில் விழுந்து கிடக்கும், அதன் தோள்மேல் ஒரு மீன் நின்றுகொண்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றினால் மறுபடி வானம்.

அவர் மேல்படியில் நின்று திசை சொல்வார். எனக்கு நேர் எதிரே பன்னிரண்டு மணி. இடது பக்கம் குறைந்துகொண்டு போகும், வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. "பத்து மணிங்க. முப்பது அடி." நான் வீசுவேன். நூலை இழுக்க வேண்டுமென்றால் "இழுங்க." நூல் பாறை விளிம்பில் உரசப் போகிறது என்றால் "தடி!" அதைக் கேட்டதும் நான் கோலை மேலே தூக்கிவிட வேண்டும். நூல் அறுந்தால் வேறு நூல் இல்லை, அதனால் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் "ங்க" போட நேரம் கிடையாது. கொஞ்ச நாளில் என் கை அதைப் பழகிக்கொண்டது. "தடி" என்றால் யோசிக்காமல் மேலே போகும்.

*

ரீலை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டிய சோதனை பாக்கி இருந்தது. வாளியில் உப்புக் கரைத்து நனைக்கலாம். ஆனால் அவர் முதலாளியிடம் போய், கடலிலேயே பார்த்துவிடலாம் என்று கேட்டார். முதலாளி சிரித்துவிட்டு, "போங்க. மீன் கிடைச்சா போட்டோ. கிடைக்கலைன்னா ரீல் மட்டும் பத்திரமா வரட்டும்" என்றார்.

அக்கா உடனே ஒரு பையைத் தயார் செய்துவிட்டார்கள்.

"ராமேஸ்வரம் பக்கம்தான? நானும் வரேன். ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாம். இதுங்க ரெண்டையும் தனியா அனுப்புனா ஊரு பேசும். நான் கூடப் போனா ஊரு பேசாது. நான் மட்டும்தான் பேசுவேன்."

கிளம்பும் அன்று அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வர்றப்ப பதிலோட வா."

மண்டபத்துக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் ஒரு சிறிய கரையில் வள்ளக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். மாசி மாதம், காற்று இல்லை. கடல் என்றால் அலை என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே அலையே இல்லை. குவாரித் தண்ணீரை யாரோ எடுத்து வந்து கண்ணுக்கு எட்டியவரை விரித்துப் போட்டதுபோல இருந்தது. கரை எங்கே முடிந்தது, தண்ணீர் எங்கே ஆரம்பித்தது என்று காலை நனைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வள்ளக்காரர் எங்கள் தடியை வாங்கி நுனியை வளைத்துப் பார்த்தார்.

"இதை வெச்சுக்கிட்டு மீனைப் பிடிக்க வந்தீகளா, வெரட்ட வந்தீகளா?"

"ரெண்டும் இல்லைங்க, ரீலை நனைக்க வந்தோம்" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"அதுக்கு எங்க வீட்டுக் கெணறே போதுமேப்பா. அதுவும் உப்புதான்."

செம்பு நிற மீன் ஏதாவது ஆழமில்லாத இடத்துக்கு வருமா என்று கேட்டோம். செப்பிலி வரும் என்றார். கடற்புல் ஓரத்தில் நண்டு தின்ன ஒண்டியாக வரும், ஆளின் நிழல் பட்டால் போய்விடும். வீடியோவில் பார்த்த மீன் இதுவல்ல, வேறு இனம். ஆனால் பெயரிலேயே செம்பு இருந்தது. எங்களுக்கு அது போதும்.

நீளக் கம்பை ஊன்றி ஊன்றி வள்ளக்காரர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். என்ஜின் போடவில்லை. கம்பு மணலில் இறங்கும் சத்தம், ஏறும்போது சொட்டும் சத்தம், அவ்வளவுதான். அடியில் கடற்புல் திட்டுகள் மெதுவாகப் பின்னால் போயின. நடுவில் வெள்ளை மணல். வள்ளத்தின் நிழல் எங்களுக்கு முன்னால் மணல்மேல் ஏறி இறங்கிப் போனது. அக்கா குடை பிடித்துக்கொண்டு, எங்களைவிட்டு வெகுதூரம் போய்விட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் எதையும் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எதையும் எண்ணாத காலை அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மணல் திட்டில் வள்ளத்தை நிறுத்தினோம். நான் இறங்கினேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொன்னார் வள்ளக்காரர். நான் தேய்த்து நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் மணல் புகைபோல எழுந்து, யோசித்து, மறுபடி படுத்துக்கொண்டது. அவர் வள்ளத்தின் முனையில் ஏறி நின்றார். உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். அக்கா நடுவில். வள்ளக்காரர் கம்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டு பின்னால்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. சின்னக் குஞ்சுகள் ஒரே முடிவோடு திரும்பின. மேகம் வந்தபோது எல்லாம் மறைந்தது, போனபோது எல்லாம் திரும்பி வந்தது. மீன் வந்தாலும் வராவிட்டாலும் இப்படியே நின்றுகொண்டிருக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. அம்மாவின் கேள்விகூடத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல, தெளிவாக, ஆனால் கைக்கு எட்டாமல் இருந்தது.

"பதினொரு மணிங்க" என்றார் அவர், மெல்ல. "நாற்பது அடி. உங்களைப் பார்த்துதான் வருது."

முதலில் எனக்கு நிழல்தான் தெரிந்தது. புல்லின் ஓரத்திலிருந்து மணலுக்கு வந்த ஒரு நிழல். அப்புறம் அதன் மேலே மீன். வாலும் துடுப்புகளும் இரத்தச் சிவப்பு, உடம்பு தேய்த்த செம்புக் குடம். அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல வந்தது.

நான் நூலைப் பின்னால் எறிந்தேன். அது நீளும்வரை காத்திருந்தேன். முன்னால் விட்டேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஜிலேபிகள் கேலி செய்த வீச்சு அன்றைக்கு மட்டும் சரியாகப் போனது. பூச்சி மீனுக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, சத்தமில்லாமல் இறங்கியது. சரிகை ஒரு முறை மின்னியது.

"இழுங்க. மெதுவா. இன்னும் ஒண்ணு."

இழுத்தேன். மீன் திரும்பியது. வேகமெடுத்தது. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் வந்தது. நான் செய்யவேண்டியது எனக்குத் தெரியும். மீன் வாயை மூடும்வரை காத்திருந்து, இடது கையால் நூலை நேராக இழுக்க வேண்டும். கோலைத் தூக்கக்கூடாது. அதற்கு முன்னால் தூக்கினால் பூச்சி தண்ணீரைவிட்டே வெளியே வந்துவிடும்.

மீன் வாயைத் திறந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"தடி! தடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

கை தானாக மேலே போனது. பூச்சி தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து என் தலைக்கு மேல் பறந்து, அக்காவின் குடையில் மாட்டியது. மீன் நின்ற இடத்தில் மணல் புகை மட்டும் இருந்தது.

"யாகே எத்திதே!" என்றது அதே குரல். என்னவென்று புரியவில்லை, ஆனால் திட்டுகிறது என்று புரிந்தது. அது அவர் குரல் என்று நம்பத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. திரும்பினேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"நீங்கதானே தூக்கச் சொன்னீங்க!" என்றேன். என் குரலும் எனக்குப் புதிதாக இருந்தது.

"நான் எங்க தூக்கச் சொன்னேன்? பொறுக்கச் சொன்னேன்!"

"தடின்னு சொன்னீங்க! ரெண்டு தடவை!"

"சொல்லவே இல்லை!"

"நானும் கேட்டேனே" என்றார் வள்ளக்காரர். "தடி தடின்னு ஊரே கேக்கக் கத்துனீகளே, தம்பி. தங்கச்சி தடியைத் தூக்கிருச்சு. அது மேல என்ன குத்தம்?"

அக்கா குடையை மடக்கிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார்கள். வள்ளமே ஆடியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்.

"ஏம் பாப்பா, அவன் தமிழ்ல சொல்லல. கன்னடத்துல சொல்லிட்டான். கன்னடத்துல தடின்னா 'பொறு, நில்லு'ன்னு அர்த்தம். அவன் பொறுன்னான். நீ கோலைத் தூக்கிட்ட. ஐயோ, அந்தப் பேரை வெச்சதே நான்தான்!"

அவர் வாயைத் திறந்து மூடினார். கன்னடம் பேசியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் அப்படியே வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க" என்றார். "நீங்க சரியாத்தான்..."

"இப்ப என்னத்துக்குடா தம்பி 'ங்க'?" என்று அக்கா நடுவில் புகுந்தார்கள். "மரியாதையா சொல்றவன் 'தடீரி'ன்னு இல்ல சொல்லியிருக்கணும்? தடி, அப்புறம் யாகே எத்திதே, அதாவது 'ஏன்டி தூக்குன', எல்லாம் வாடி போடி கணக்குதான். ரெண்டு வருசம் ஆபீசுல ஐயர் மாதிரி பேசிட்டு, ஒரு மீனுக்குக் கட்டுன பொண்டாட்டியத் திட்டற மாதிரி திட்டிட்ட. பாப்பா, இவனை நம்பாத!"

நான் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். மீன் போன வருத்தம் நெஞ்சில் இருந்தது, அது பொய்யில்லை. அத்தனை ஞாயிறு, அத்தனை தூரம். ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது. கத்திய அந்தக் குரலை மறுபடி மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்தேன். அதில் "ங்க" இல்லை. யோசனை இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் எதுவும் இல்லை.

*

பிறகு மீன் வரவில்லை. அக்கா தூங்கிவிட்டார்கள். அவரும் வள்ளத்தைவிட்டு இறங்கி வந்தார். நானும் அவரும் காலைத் தேய்த்துத் தேய்த்து அந்த மணல் திட்டு முழுக்க நடந்தோம். பின்னால் எங்கள் புகை எழுந்து படுத்தது. தடி என் தோளில் இருந்தது. அதை அந்தப் பெயரால் சொல்ல இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் பேசினார்.

"அந்த வார்த்தை ஏன் வந்துச்சுன்னு யோசிச்சேன். எங்க ராகிக் காட்டுல யானை இறங்கும். நாங்க கத்தமாட்டோம், ஓடமாட்டோம். அது பாட்டுக்குத் திரும்பிடும், இல்லைன்னா வரும். அப்பா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் சொல்லுவார். தடி, தடின்னு. பெரிசா ஏதாச்சும் எதிர்ல வந்தா எனக்கு அந்த வார்த்தைதான் வரும் போல."

"செப்பிலி யானை அளவா?"

"அப்ப அவ்வளவு பெரிசாத்தான் தெரிஞ்சுது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உனக்குத் தெரியலையா?" என்றார்.

தமிழில் அவர் என்னை "உனக்கு" என்றது அதுதான் முதல் தடவை. அவர் திருத்திக்கொள்ளவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டவும் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் மெல்ல மெல்லக் கண்ணாடியிலிருந்து பாலாக மாறியது. அடியில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று, புல், மணல், எங்கள் பாதங்கள். கடைசியில் முழங்காலோடு நின்ற இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

கரைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சாப்ட்டியா? மீன் கெடைச்சுதா?"

"சாப்ட்டேன். கெடைக்கல."

"பின்ன என்னத்துக்கு அவ்வளவு தூரம்?"

"அம்மா, தருமபுரிக்காரங்களை வர வேணாம்னு சொல்லிடு."

அம்மா மாட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் திரும்ப வந்தாள்.

"நல்லா யோசிச்சியா?"

"இன்னைக்கு என் மேல கோபப்பட்டார்."

"எதுக்கு?"

"மீனை விட்டுட்டேன்னு."

"இதுக்கா?"

"ஆமா. நானும் பதிலுக்குக் கத்திட்டேன்."

"யாரு தப்பு?"

"ரெண்டு பேரும் சொன்னது சரிதான்."

அம்மா பெருமூச்சு விட்டாள். சிரிப்பா என்று தெரியவில்லை. "சரி, போன்ல வேணாம். ஊருக்கு வந்து சொல்லு" என்றாள். வைக்கும் முன், "அவங்க வீட்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். இனிமேல்தான் தெரியும் என்றேன். அவர் அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொல்லத் தன் வீட்டுக்குப் போன் செய்ய எழுந்தார். இந்த முறை தள்ளிப் போகவில்லை. எனக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

இப்போதைய நிலைமை இது.

தருமபுரி வீட்டாருக்கு அம்மா சொல்லிவிட்டாள். அவர்கள் வருத்தப்பட்டாலும் சண்டை போடவில்லை. ரீல் உப்புத் தண்ணீர்ச் சோதனையில் தேறியது. அடைப்புக்குள் ஈரம் இறங்கவில்லை, சான்றிதழில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். செப்பிலி ஒன்றும் நாங்கள் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா சரி என்றுவிட்டார். என் அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு அவரும் அவருடைய அப்பாவும் அம்மாவும் தேன்கனிக்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறார்கள்.